மறைந்தும் பாடுகிறார் பேட்சி கிளைன்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆயுள் 30 வருடம். ஸ்டூடியோவில் பாடிப் பதிவான காலம் சுமார் எட்டு வருடம். உயிரோடு இருந்தபோது வெளிவந்த எல்.பி. இசைத்தட்டுகள் மூன்றே மூன்று. இறந்து 60 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இவர் குரலோடு வந்த தொகுப்புத் தட்டுகள், கேசட்டுகள், சி.டி.க்கள் எத்தனை? அதை எண்ண ஆரம்பித்தால் நம்ம ஆண்டு மலர் முழுதும் எனக்கே வேண்டும்! 1967-ல் வந்த 12 பாட்டுத் தொகுப்பு ஒன்று மட்டும் ஒரு கோடிப் பிரதி என்ற அளவைத் தொட்டு, 2005-ல் அமெரிக்காவில் 'டைமண்ட்' சான்றிதழ் வாங்கியது.

யார் இவர்? பேட்சி கிளைன். அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைப் பாடகி. கன்ட்ரி என்றால் பண்ணை வேலைக்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், சுரங்கத் தொழிலாளிகள் கேட்டு வளர்த்த பாட்டு. கிட்டார், பிடில் இரண்டும் இருந்தால் கச்சேரி களை கட்டிவிடும். காதல் போச்சு, வீடு போச்சு, ரயில் போச்சு என்று எல்லாவற்றையும் பாடி அழுது தீர்த்துவிடுவார்கள். அந்த உலகத்திலே பெண் என்றால் ஆண் பாடகரின் குழுவில் ஓர் ஓரமாக நின்று ரெண்டு பாட்டுப் பாடுகிறவள் என்று இருந்த காலத்தில், தன் பெயரைப் போஸ்டரில் பெரிசாகப் போட வைத்தவர் இவர்.

சொந்தப் பெயர் வர்ஜீனியா பேட்டர்சன் ஹென்ஸ்லி. 1932 செப்டம்பர் 8-ந் தேதி வர்ஜீனியா மாநிலத்தில் வின்செஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். அப்பா சாம் ஹென்ஸ்லி கொல்லுவேலை செய்பவர். அம்மா ஹில்டா தையல்காரி. மகள் பிறந்தபோது ஹில்டாவுக்கு வயது 16, கணவருக்கு நாற்பதுக்கு மேல்! அப்பாவுக்கு எந்த ஊரில் வேலையோ அந்த ஊருக்கெல்லாம் குடும்பம் மூட்டை கட்டியது. ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பழகுவதற்குள் அடுத்த பள்ளிக்கூடம். 13 வயது வாக்கில் தொண்டையில் கடுமையான தொற்று, கூடவே மூட்டுக்காய்ச்சல். பிழைப்பதே கஷ்டம் என்ற நிலைமை. எழுந்து வந்தபோது குரல் கனத்து, ஆழமாகிவிட்டிருந்தது. அந்தக் காய்ச்சல்தான் தனக்கு இந்தக் குரலைக் கொடுத்தது என்று பேட்சி பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாராம். டாக்டர்கள் என்ன சொல்வார்களோ, அது வேறு விஷயம்.

1947-ல் அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா, மூன்று பிள்ளைகள். மூத்தது பெண். அப்புறம் என்ன நடக்கும்? நம்மில் பல பேருக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? படிப்பு நின்றது. கோழி உரிக்கும் தொழிற்சாலை, பஸ் நிலையம், மருந்துக்கடையில் சோடா, ஐஸ்கிரீம் ஊற்றிக் கொடுக்கும் மேடை என்று கிடைத்த இடத்தில் எல்லாம் வேலை. பகல் முழுதும் கடையில் நிற்பது, ராத்திரி ஏதாவது ஒரு கிளப்பில் பாடுவது, விடிந்தால் மறுபடி கடை. பாட்டு வாத்தியார் என்று யாரும் கிடையாது. நோட்டு பார்த்துப் பாடவும் தெரியாது. காதால் கேட்டதைத் தொண்டையில் பிடித்துக்கொள்வது ஒன்றுதான் வித்தை.

வின்செஸ்டரில் ஒரு ரேடியோ நிலையம் இருந்தது. நேராக அங்கே போய், எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டுப் பாடினாள் அந்தப் பெண். சிபாரிசு இல்லை, கடிதம் இல்லை. இந்தத் துணிச்சல் கடைசி வரைக்கும் அவரை விட்டுப் போகவில்லை. மேடை உடுப்பு எல்லாம் அம்மா கைத்தையல்தான். குதிரைக்காரப் பெண்கள் போடும் மாதிரி குஞ்சம் வைத்த சட்டை, பாவாடை. மகள் பேப்பரில் வரைந்து காட்டுவாள், அம்மா வெட்டித் தைத்துவிடுவார். (எங்க வீட்டிலும் தையல் மெஷின் சத்தத்தில்தான் நான் படிச்சேன். அதனாலே இந்த இடத்தை என்னால் வேகமாகத் தாண்ட முடியவில்லை!) ஊரில் வசதியான தெருக்காரர்கள் சவுத் கென்ட் தெருப் பெண்ணை மதிக்கவில்லை. அவர் சத்தமாகச் சிரிப்பார், சிவப்பாக உதட்டுச்சாயம் பூசுவார், ஆம்பிளைகளுக்குச் சமமாகக் கிண்டல் பேசுவார். போதாதா?

1952-ல் பில் பியர் என்பவரின் குழுவில் சேர்ந்தார். நடுப்பெயர் பேட்டர்சனைச் சுருக்கிப் 'பேட்சி' என்று வைத்தவர் அவர்தான். 1953-ல் ஜெரால்டு கிளைன் என்பவரோடு கல்யாணம். அந்தக் கல்யாணம் 1957-ல் முறிந்துவிட்டது. மிஞ்சியது அந்த மனிதரின் பெயர் மட்டும். இன்று உலகம் முழுதும் தெரிகிற பெயரில் பாதி ஒருவர் சுருக்கிக் கொடுத்தது, மறுபாதி நிலைக்காத கல்யாணத்தில் வந்தது. வேடிக்கைதான்.

இனி வருவதுதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம். 1954 செப்டம்பர் 30. பேட்சிக்கு வயது 22. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 'ஃபோர் ஸ்டார்' என்ற ரெக்கார்டு கம்பெனி ஓர் ஒப்பந்தத்தை நீட்டியது. ரெக்கார்டு போட வேண்டும் என்று பல வருடமாகத் தவித்துக்கொண்டிருந்த பெண். கையெழுத்துப் போட்டுவிட்டார். அதிலே ஒரு ஷரத்து இருந்தது. அந்தக் கம்பெனிக்கு உரிமை உள்ள பாட்டுகளை மட்டுமே பேட்சி பாட வேண்டும். வெளியே யார் எவ்வளவு நல்ல பாட்டு எழுதி வைத்திருந்தாலும் தொடக்கூடாது! ராயல்டியோ நூற்றுக்கு இரண்டு சொச்சம். ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர் கூலி எல்லாம் அதிலேயே கழியும். கையில் காசு இல்லாமல் முன்பணம் கேட்டதற்கு, ஒப்பந்தக் காலத்தை நீட்டிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது.

எங்க வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு எந்தப் பேப்பர் வந்தாலும், கரண்ட் பில்லோ, சங்கத்துக் கடன் பத்திரமோ, என் கையில்தான் கொடுப்பார்கள். நான் படிக்கிற வரைக்கும் அந்தப் பேப்பர்களில் எல்லாம் என்ன நினைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தார்களோ! அதனால் 22 வயதுப் பெண் அந்த ஒப்பந்தத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதை என்னால் நன்றாகவே நினைத்துப் பார்க்க முடிகிறது. திறமை இருந்தது, தைரியம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஷரத்தைப் படித்து விளக்க ஓர் ஆள்தான் தேவைப்பட்டது.

விளைவு? 1955 முதல் 1960 வரை அந்தக் கம்பெனிக்காக 51 பாட்டுகள் பாடினார். உருப்படியாக ஓடியது ஒன்றே ஒன்று. 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்'. அதையும் அவர் விரும்பிப் பாடவில்லை. இது கன்ட்ரி பாட்டே இல்லை என்று அடம் பிடித்தார். கடைசியில் தட்டின் மறுபக்கத்தில் தனக்குப் பிடித்த பாட்டைப் போடுவதென்று சமாதானம் ஆகி, 1956 நவம்பரில் பதிவானது.

1957 ஜனவரி 21. நியூயார்க்கில் ஆர்தர் காட்ஃப்ரி நடத்திய 'டேலன்ட் ஸ்கவுட்ஸ்' என்ற டெலிவிஷன் போட்டி. புதுப் பாடகரை யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கூட்டி வர வேண்டும் என்பது விதி. சொந்தக்காரர்கள் அப்படிக் கூட்டி வரக்கூடாது. பேட்சியைக் 'கண்டுபிடித்துக்' கூட்டிப் போனது யார் தெரியுமா? அம்மா ஹில்டாதான்! அம்மா என்று சொல்லாமலே கூட்டிப் போய்விட்டார். அங்கே நிகழ்ச்சிக்காரர்கள் அம்மா தைத்த உடுப்பு வேண்டாம், நாகரிகமான கவுன் போடு என்றார்கள். பிடித்த பாட்டு வேண்டாம், மிட்நைட் பாட்டைப் பாடு என்றார்கள். பாடினார். கைதட்டலை அளக்கிற மீட்டர் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. தட்டு வெளிவந்து கன்ட்ரி பட்டியலில் 2-ம் இடம், பொதுப் பட்டியலில் 12-ம் இடம். இவருடைய ஆயுள் முழுக்க இதே கதைதான். அவருக்குப் பிடிக்காத பாட்டுதான் அவரைத் தூக்கிவிட்டது.

அதே 1957 செப்டம்பரில் சார்லி டிக் என்பவரை மணந்தார். 1958-ல் மகள் ஜூலி, 1961-ல் மகன் ரேண்டி. 1959-ல் குடும்பம் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் குடியேறியது. 1960 ஜனவரியில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' ரேடியோ நிகழ்ச்சியில் அங்கத்தினர். கன்ட்ரிக்காரர்களுக்கு அது பெரிய கௌரவம். அந்த வருடமே ஃபோர் ஸ்டார் ஒப்பந்தமும் ஒழிந்தது. அப்பாடா! 'டெக்கா' கம்பெனியோடு நேரடி ஒப்பந்தம். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. இனிமேல் யார் எழுதிய பாட்டையும் பாடலாம். விலங்கு கழன்றது என்பதற்கு அத்தாட்சி பாருங்கள். 1960 நவம்பரில் பதிவான 'ஐ ஃபால் டு பீசஸ்' 1961 ஆகஸ்டில் கன்ட்ரி பட்டியலின் முதல் இடத்துக்கு வந்தது.

ஆனால் அந்த முதல் இடத்தைப் பேட்சி நடந்து போய்க் கொண்டாட முடியவில்லை. 1961 ஜூன் 14-ல் தம்பி ஓட்டிய காரில் போகும்போது நாஷ்வில்லில் எதிரே வந்த காரோடு மோதல். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தார். நெற்றியில் ஆழமான வெட்டு, இடுப்பு மூட்டு நழுவியது, மணிக்கட்டு முறிந்தது. அந்த நிலையிலும் மற்ற காரில் இருந்தவர்களை முதலில் கவனியுங்கள் என்று சொன்னாராம். ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. பிறகு ஊன்றுகோலோடு மேடைக்கு வந்தார். நெற்றித் தழும்பை மறைக்க விக், பட்டி, கனமான மேக்கப்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரேடியோவில் ஒரு புதுப் பெண் அவருடைய பாட்டையே அவருக்குச் சமர்ப்பித்துப் பாடினாள். சுரங்கத் தொழிலாளி மகள், பெயர் லொரெட்டா லின். போட்டிக்காரி என்று முறைக்காமல் ஆள் அனுப்பி வரவழைத்தார் பேட்சி. அன்று தொடங்கிய சிநேகம். துணிமணி கொடுத்தார், மேடை நடப்புச் சொல்லிக்கொடுத்தார், பணத்தைக் கையில் வாங்காமல் மேடை ஏறாதே என்ற பாடத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். ஃபோர் ஸ்டாரில் பட்ட சூடு! டாட்டி வெஸ்ட், சின்னப் பெண்ணாக இருந்த பிரெண்டா லீ என்று எத்தனையோ பேருக்கு அவர் அக்கா மாதிரி. இந்த லொரெட்டாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

இப்போது நான் படிக்கிற எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கொஞ்சம் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மெக்கானிக்கல் நண்பர்களே! பிராட்லியின் ஸ்டூடியோ ஒரு தகரக் கொட்டகை. பீப்பாயை நெடுக்குவாட்டில் பிளந்து கவிழ்த்த மாதிரி ராணுவக்காரர்கள் போடுவார்களே, 'குவான்செட் ஹட்', அதைத்தான் ஒரு வீட்டின் பின்னால் போட்டிருந்தார்கள். அங்கேதான் 1961 ஆகஸ்ட் 21-ல் 'கிரேஸி' பாட்டுக்காக உட்கார்ந்தார்கள். எழுதியவர் அப்போது யாருக்கும் தெரியாத வில்லி நெல்சன். அவர் பாடிக் கொடுத்த மாதிரியில் வார்த்தை எல்லாம் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியே வரும். அந்த நடை பேட்சிக்குப் பிடிபடவில்லை, பிடிக்கவும் இல்லை. அதோடு விபத்தில் அடிபட்ட விலா எலும்பு. மேல் சுருதிக்கு மூச்சை இழுத்தால் உயிர் போகிற வலி. மூன்று மணி நேரத்தில் நாலு பாட்டு முடிக்கிற இடத்தில், நாலு மணி நேரத்தில் ஒரு பாட்டுகூட முடியவில்லை.

பிராட்லி என்ன செய்தார்? வாத்தியங்களை மட்டும் பதிவு செய்து முடித்துக்கொண்டு பேட்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சில வாரம் கழித்து, வலி குறைந்ததும், ஓடுகிற வாத்திய ஒலியைக் கேட்டபடி குரலைத் தனியாகப் பாட வைத்தார். ஒலிநாடாவில் ஒன்றுக்கு மேற்பட்ட தடம் இருந்தால்தான் இது நடக்கும். ஒரு தடத்தில் வாத்தியம், இன்னொன்றில் குரல். ஒன்றை அழிக்காமல் மற்றதை எழுதலாம். இன்றைக்கு நமக்கு இது சாதாரணம். ஆனால் எல்லோரும் ஒரே அறையில் கூடி ஒரே நேரத்தில் பாடி வாசித்து முடிப்பதே வழக்கமாக இருந்த ஊரில் இது ஒரு மாற்று ஏற்பாடு. 'கிரேஸி' கன்ட்ரியில் 2-ம் இடம், பொதுப் பட்டியலில் 9-ம் இடம். அமெரிக்க ஜூக் பாக்ஸ்களில் காசு போட்டு மிக அதிகமாகக் கேட்கப்பட்ட பாட்டுகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது. குரல் தனித் தடத்தில் இருந்த இந்தச் சங்கதியை மறக்காதீர்கள். பேட்சி போன பிறகு இதுதான் வேலையைக் காட்டப்போகிறது.

பாட்டின் அமைப்பையும் பிராட்லி மாற்றினார். பிடில், ஸ்டீல் கிட்டாரைக் குறைத்து, வயலின் கூட்டம், பியானோ, 'ஜோர்டனேர்ஸ்' குழுவின் மெல்லிய பின்பாட்டு. கன்ட்ரியைப் பட்டணத்துக்காரனும் கேட்க வேண்டும் என்பது திட்டம். பேட்சிக்கு இதிலும் மனசு ஒப்பவில்லை. அவர் கடைசி வரை தன்னைப் பட்டிக்காட்டுப் பாடகி என்றே நினைத்தார். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பிராட்லி செய்தது சரி. அந்தக் குரலுக்குச் சுற்றிலும் இடம் வேண்டியிருந்தது. அவர் அந்த இடத்தைக் கொடுத்தார்.

1961 நவம்பரில் நியூயார்க் கார்னகி ஹால். 1962-ல் 'ஷீஸ் காட் யூ' முதல் இடம். அந்த வருடக் கடைசியில் லாஸ் வேகஸில் ஒரு மாதத்துக்கு மேல் தொடர் கச்சேரி. அடிக்கடி வீடு மாறியே வளர்ந்த பெண், நாஷ்வில் பக்கத்தில் குட்லெட்ஸ்வில்லில் தன் மனசுக்குப் பிடித்த வீட்டை வாங்கினார். அதில் வாழ்ந்தது ஒரு வருடம்கூட இருக்காது.

1963 மார்ச் 3, கான்சாஸ் மாநிலத்துக் கான்சாஸ் சிட்டி. கார் விபத்தில் இறந்த ஒரு ரேடியோ அறிவிப்பாளரின் குடும்பத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. காய்ச்சலோடு மூன்று காட்சியும் பாடினார். மறுநாள் பனிமூட்டம், விமானம் கிளம்ப முடியவில்லை. டாட்டி வெஸ்ட் காரிலே வந்துவிடு என்று கூப்பிட்டார். பிள்ளைகளைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று பேட்சி விமானத்துக்கே காத்திருந்தார். மார்ச் 5-ல் சின்ன 'பைப்பர் கமாஞ்சி' விமானம் புறப்பட்டது. ஓட்டியவர் அவருடைய மேனேஜர் ரேண்டி ஹியூஸ். கூட கவ்பாய் கோப்பஸ், ஹாக்ஷா ஹாக்கின்ஸ் என்ற பாடகர்கள். டென்னசியில் டயர்ஸ்பர்க்கில் பெட்ரோல் போட இறங்கியபோது, வானிலை சரியில்லை, ராத்திரி தங்கிப் போங்கள் என்று விமானத்தளக்காரர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. மாலை 6 மணி தாண்டிப் புறப்பட்ட விமானம் சில நிமிடங்களில் கேம்டன் அருகே காட்டில் விழுந்தது. நாலு பேரும் போனார்கள். கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் ஓட்டும் பயிற்சி ஹியூஸுக்குக் கிடையாது. வெளியே கண்ணால் பார்த்து ஓட்டத் தெரிந்தவர், ஒன்றும் தெரியாத வானத்தில் கட்டுப்பாட்டை இழந்தார் என்பதே விசாரணையின் முடிவு. வின்செஸ்டரில் அடக்கம் நடந்தது. ஜூலிக்கு நாலு வயது, ரேண்டிக்கு இரண்டு.

இத்தோடு வாழ்க்கை வரலாறு முடிய வேண்டும். பேட்சி விஷயத்தில் பாதிக் கதை இனிமேல்தான்!

சாவதற்கு ஒரு மாதம் முன்பு, 1963 பிப்ரவரி 4 முதல் 7 வரை, பிராட்லியோடு உட்கார்ந்து ஒரு புது ஆல்பத்துக்குப் பாடி முடித்திருந்தார். 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', 'ஃபேடட் லவ்' எல்லாம் அதில்தான். அந்த ஆல்பம் திட்டமிட்டபடி வரவே இல்லை. பதிலாக, புதுசையும் பழசையும் கலந்து 'தி பேட்சி கிளைன் ஸ்டோரி' என்ற இரட்டை எல்.பி.யை அதே வருடம் வெளியிட்டார்கள். தொகுப்புகளின் வரிசை அங்கேதான் ஆரம்பம். 1964-ல் இன்னும் சில. 1967-ல் 'பேட்சி கிளைன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. நான் முதலில் சொன்ன ஒரு கோடிக்காரர் இதுதான். ஒரு விளம்பரத் தந்திரமும் இல்லாமல், 12 பாட்டு, வருடக்கணக்காக விற்றுக்கொண்டே இருந்தது.

இன்னொரு பக்கம், அந்த 51 ஃபோர் ஸ்டார் பாட்டுகள். அந்த ஒலிநாடாக்களின் உரிமை கை மாறி, வாடகைக்கும் போய், மலிவு விலைக் கம்பெனிகள் பல அதையே திருப்பித் திருப்பி வெளியிட்டன. அட்டைப்படம் மாறும், தலைப்பு மாறும், உள்ளே அதே பாட்டு. பேட்சியே வேண்டாவெறுப்பாகப் பாடியவை பலவும் அதில் உண்டு. 'கிரேஸி' இருக்கும் என்று ஆசையாக வாங்கினவர் ஏமாந்திருப்பார். ஒரு கையெழுத்து, போட்டவர் இறந்த பிறகும் வேலை செய்துகொண்டிருந்தது.

1973-ல் கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் தனிப் பாடகியாக இடம் பெற்ற முதல் பெண் என்ற கௌரவம் வந்தது. 1977-ல் லொரெட்டா லின் 'ஐ ரிமெம்பர் பேட்சி' என்று ஓர் ஆல்பம் போட்டார். அஞ்சலி ஆல்பங்களில் என் ஓட்டு இதற்குத்தான். தயாரித்தவர் அதே ஓவன் பிராட்லி. தோழியின் பாட்டுகளைத் தோழி பாடினார், கடைசியில் பிராட்லியும் லொரெட்டாவும் பேட்சியைப் பற்றிப் பேசிக்கொள்வதையே பதிவு செய்து சேர்த்தார்கள். அதிலிருந்து 'ஷீஸ் காட் யூ' மறுபடி கன்ட்ரியில் முதல் இடம். ஒரே பாட்டு, 15 வருட இடைவெளி, இரண்டு சிநேகிதிகள். லொரெட்டா தன் இரட்டைப் பெண்களில் ஒருத்திக்குப் பேட்சி என்றே பெயர் வைத்திருந்தார். 2022-ல் அவரும் மறைந்தார்.

அப்புறம்தான் தனித் தடத்துச் சங்கதி வெளியே வந்தது. 1980-ல் 'ஆல்வேஸ்' என்ற ஆல்பத்தில் பேட்சியின் பழைய குரலைச் சுற்றிப் புது வாத்தியம் சேர்த்தார்கள். 1981-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஜிம் ரீவ்ஸ் என்ற பாடகரோடு 'ஜோடிப் பாட்டு' வெளியிட்டார்கள்! ரீவ்ஸ் 1964-ல், இவரைப் போலவே, விமான விபத்தில் இறந்தவர். (நம்ம நாட்டிலும் இலங்கையிலும் ரேடியோ காலத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், ஜிம் ரீவ்ஸைத் தெரியும் என்பார்கள்.) இரண்டு பேரும் உயிரோடு இருந்தபோது ஜோடியாக ஒரு பாட்டும் பதிவு செய்ததில்லை. கம்பெனியும் வேறு வேறு. ஒரே பாட்டை இருவரும் தனித்தனியே பாடியிருந்ததால், இரண்டு குரலையும் பிரித்தெடுத்து, சுருதியும் வேகமும் பொருந்த வைத்து ஒட்டிவிட்டார்கள். கேட்டால் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடின மாதிரியே இருக்கிறது. பட்டியலிலும் ஏறியது.

டெக்னிக்காக இது எனக்குப் பிரமிப்புத்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. உயிரோடு இருந்தபோதே வயலின் கூட்டம் வேண்டாம் என்று பிராட்லியோடு மல்லுக்கு நின்றவர் அவர். செத்த பிறகு யாரோடு மல்லுக்கு நிற்பார்? 1985-ல் ஜெசிகா லாங் நடித்து 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' என்று அவர் வாழ்க்கை படமாக வந்தது. திரையில் நடிகை வாயசைக்க, பேட்சியின் குரலே ஒலித்தது. அதற்கும் பல பாட்டுகளுக்குப் புது வாத்தியம். செய்தது பிராட்லியே என்பதால் கொஞ்சம் ஆறுதல். அவருக்காவது எது எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஆனாலும் புதுப் பூச்சு பழைய சுவரில் தனியாகத் தெரிகிறது.

இதற்கு மாற்று மாதிரி 1991-ல் 'தி பேட்சி கிளைன் கலெக்‌ஷன்' வந்தது. நாலு சி.டி., 104 பாட்டு, புதுப் பூச்சு இல்லாமல் ஆரம்பம் முதல் கடைசி வரை வரிசையாக. 1997-ல் 'லைவ் அட் தி சிமரன் பால்ரூம்' என்று ஒரு மேடைப் பதிவு வெளியானது. 1961 ஜூலை 29-ல், கார் விபத்து நடந்து ஏழு வாரம்கூட முழுசாக ஆகுமுன், டல்சா நகரில் பாடியது. ஸ்டூடியோ மெருகு ஒன்றும் கிடையாது. பாட்டுக்கு நடுவில் சிரித்துப் பேசுகிறார். இவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய எனக்கு உதவியது இந்தப் பதிவுதான்.

2003-ல் 'ரிமெம்பரிங் பேட்சி கிளைன்' என்ற அஞ்சலி ஆல்பம். இதில் லொரெட்டா மாதிரிப் பழகியவர்கள் இல்லை, அவரைத் தட்டில் மட்டும் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை. டயானா கிரால், நாட்டலி கோல், மார்ட்டினா மெக்பிரைட், கே.டி. லாங். இந்த லாங் தன் பழைய குழுவுக்குக் கிளைன் பெயரை ஒட்டியே 'ரீகிளைன்ஸ்' என்று பெயர் வைத்திருந்தவர். சிதார் மேதை ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸும் இதில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். எல்லோரும் கவனமாக, மரியாதையாகப் பாடுகிறார்கள். கொஞ்சம் அதிக மரியாதை என்றே தோன்றியது! பேட்சி பாடும்போது குரல் உடைகிற இடத்தில் உடைய விட்டுவிடுவார். இவர்கள் உடையாமல் தாங்கிப் பிடித்துவிடுகிறார்கள்.

கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். 1967 தொகுப்பில் இருக்கும் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' பாட்டு, 1957-ல் மீட்டரை உச்சிக்கு ஏற்றிய அதே பதிவு அல்ல. அந்த மூலப்பதிவு ஃபோர் ஸ்டார் ஒப்பந்தக் காலத்தைச் சேர்ந்தது. அதனால் தன்னைப் பிரபலமாக்கிய சொந்தப் பாட்டையே 1961-ல் டெக்காவுக்காகப் பேட்சி இரண்டாம் தடவை பாடினார். கோடிப் பிரதியில் இருப்பது அந்த இரண்டாவது பதிவுதான். 1991 சி.டி. தொகுப்பில் இரண்டுமே உண்டு. அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதலாவதில் ஸ்டீல் கிட்டார் இழைகிறது, 24 வயதுக் குரல் அவசரமாக, முட்டி மோதிக்கொண்டு வருகிறது. இரண்டாவதில் பின்னால் ஜோர்டனேர்ஸ், முன்னால் 29 வயதை நெருங்கிய பேட்சி. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும். இந்தத் தடவை பாட்டைத் திட்டிக்கொண்டே பாடினாரா என்பது மட்டும் குரலில் தெரியவில்லை.